பெட்டியில் குறைந்த ஒரு காசு

தண்ணீரூற்று,
மாசி மாதம்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறேன். காலபோக வெட்டு முடிந்துவிட்டது. மிஷின் பிந்தித்தான் வந்தது. அதற்குள் ஒரு மழை அடித்து, வரம்போரத்து நெல் கொஞ்சம் படுத்துவிட்டது. மற்றப்படி விளைச்சலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈர நெல் என்று சொல்லி விலையை இறக்கப் பார்த்தார்கள். காயவைத்தே கொடுப்போம் என்று மூட்டையெல்லாம் விறாந்தையில் அடுக்கிவிட்டேன். மூத்தவள் சாதாரண தரச் சோதனைக்குப் படிக்கிறாள். ஊர்ப் புதினம் அவ்வளவுதான், இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

மகனோடு இருந்து ‘பைரேட்ஸ் ஒஃப் த கரீபியன்’ முதல் படத்தைத் திரும்பப் பார்த்தேன், பார்க்கப் பார்க்க ஓட்டைதான் தெரிந்தது, இதையா அந்த நாளில் வாய் ஓயாமல் கதைத்தோம் என்று எழுதியிருக்கிறாய். வாசித்த எனக்கு மனம் கேட்கவில்லை. மகளைப் பக்கத்தில் இருத்தி, கீழே எழுத்து ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ எழுதியதில் சிலது சரிதான். சிலதை ஓட்டை என்று சொன்னது அந்தப் படத்துக்குச் செய்த அநியாயம். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

சரித்திரப் பிழைகளை முதலே ஒரு பக்கம் தள்ளி வைப்போம். படம் நடக்கிற இடமான, கடற்கொள்ளைக்காரர் கொடிகட்டிப் பறந்த ஜமேய்க்காப் பட்டினம் போர்ட் ரோயல் 1692 ஜூன் 7ஆம் திகதி பூமியதிர்ச்சியில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. படத்தில் சிப்பாய்களின் உடுப்போ அதற்கு அடுத்த நூற்றாண்டுக்கு உரியது. படத்தின் நாயகனான கொள்ளைக்காரன் ஜாக் ஸ்பாரோ சிங்கப்பூருக்குப் போய்வந்த ஆள் மாதிரிக் கதைக்கிறான். ஆங்கிலேயர் அங்கே துறைமுகம் அமைத்தது 1819இல். எல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் எலும்புக்கூடுகள் நிலவில் வாள் சண்டை போடுகிற படத்திடம் ஆண்டுக் கணக்குக் கேட்டு என்ன பயன்? கோட்டைக்குப் பீரங்கி அடிக்கிற இரவைப் பார்த்த மகள், 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்துப் பீரங்கிகளைக் கொண்டுபோன கதையைத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அந்தக் காட்சி அப்படித்தான் உள்ளே இறங்கியது. உடுப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆனால் உன் கடிதத்தால் போர்ட் ரோயலைப் பற்றித் தேடி வாசித்தேன். அந்தப் பட்டினம் ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் துறைமுகத் தண்ணீருமாக, நீண்டு ஒடுங்கிய மணல் திட்டின் நுனியில் இருந்திருக்கிறது. நிலம் அதிர்ந்தபோது ஈரமணல் கூழாகி, செங்கல் வீடுகள் நின்ற நிலையிலேயே கீழே இறங்கியிருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அன்றே செத்தார்கள். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணலில்தானே எங்கள் முல்லைத்தீவுப் பட்டினமும் இருக்கிறது. 2004 மார்கழி 26ஐப் பார்த்தவர்கள் நாங்கள். இதை ஒரு செய்தி மாதிரி வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. படத்துக்கு இது தேவையில்லாத கதைதான், என்றாலும் உனக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது.

சரி, வள்ளத்துக்கு வருவோம். ஜாக்கும் கொல்லன் பட்டறைப் பெடியன் வில்லும் ஒரு சிறிய வள்ளத்தைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அதற்குள் நிற்கும் காற்றைச் சுவாசித்தபடி கடலடியில் நடந்து போகிறார்களே, அந்த இடத்தில் நான் உன் பக்கம். ஒரு கன மீற்றர் காற்றைக் கடல்நீருக்குள் அமுக்கி வைக்க ஆயிரம் கிலோவுக்கு மேல் பாரம் வேண்டும். அந்த வள்ளத்துக்குள் அரைக் கன மீற்றர் காற்றுத்தான் என்று வைத்தாலும் ஐந்நூறு கிலோ ஆகிவிடும். தண்ணீருக்குள் மனித உடம்போ பாரமே காட்டாது. சிலாவத்தையில் கரைவலை இழுக்கிற பெரியவர் ஒருவரிடம் அந்தத் துண்டைப் போனில் காட்டினேன். இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். “காத்து நிண்ட வள்ளத்தை அமத்தேலுமோ தம்பி? அதெல்லோ உன்னைத் தூக்கிக்கொண்டு மேல வரும்” என்றார். பிறகு, “ஆனா வடிவா எடுத்திருக்கிறாங்கள்” என்று சொல்லி மூன்றாம் தரமும் பார்த்தார். கடலிலேயே கிடந்தவர் அந்தப் பிழையை ஒரு நொடியில் கண்டுபிடித்தார், கண்டும் காட்சியை வெறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான். அந்த இடத்தில் படம் கடலின் விதியை மீறுகிறது. தன்னுடைய கதையின் விதியை மீறவில்லை.

நான் சொல்ல வருவதே இதைத்தான். முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பார்க்கப் பாயும் போர்வையுமாகப் போய் இருந்தவர்கள் யாருக்குக் கதை தெரியாது? எல்லாருக்கும் பாடம். தெரிந்த கதைக்குத்தான் விடிய விடிய கண் முழித்தார்கள். ஒரு அடி விட்டுப் பாடினால் முன்வரிசைக் கிழவர் நிமிர்ந்து இருப்பார். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சபையில் முதலே சொல்லிவிடவேண்டும், பாண்டியன் தங்கள் சிலம்பில் முத்து என்று சொல்லிவிடவேண்டும். அதற்குப் பிறகு சிலம்பை உடைத்தால்தான் நீதி கேட்கிற குரலுக்குப் பலம் வரும். சொல்லாமல் உடைத்தால் அது வெறும் சிலம்பு. தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை மச்சான். எது எந்த இடத்தில் வைக்கப்பட்டது, வைத்தது பிறகு எடுபட்டதா என்று பார்க்கத்தான் திரும்பப் பார்ப்பது. அந்தக் கண்ணோடு பார், இந்தப் படம் எவ்வளவு கவனமாகக் கட்டிய படம் என்று தெரியும்.

அதன் சட்டம் இவ்வளவுதான். ஸ்பானியப் படைத்தலைவன் கோர்ட்டேஸுக்குக் கொடுத்த கல் பெட்டியில் 882 பொற்காசுகள். பெட்டியிலிருந்து காசை எடுப்பவனுக்குச் சாபம்: சாகவும் மாட்டான், உண்ணும் உணவின் ருசியும் தெரியாது, நிலவு பட்டால் எலும்புக்கூடு. காசு எல்லாம் திரும்பி வந்து, எடுத்தவர்களின் இரத்தமும் சேர்ந்தால் சாபம் போகும். ஆளுநரின் மகள் எலிசபெத் வருசக்கணக்காக ஒரு காசை வைத்திருந்தும் அவளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டிருக்கிறாய். அவள் எடுத்தது பெட்டியிலிருந்து அல்ல, சிறுவனாயிருந்த வில்லின் கழுத்திலிருந்து. சட்டத்தில் பிசகில்லை.

அந்தக் காசை மகனுக்கு அனுப்பிவிட்ட வில்லின் தகப்பனைக் கூட இருந்த கொள்ளையரே பீரங்கியில் கட்டிக் கடலில் போட்ட முட்டாள்தனத்தையும் ஓட்டை என்கிறாய். அவனுடைய இரத்தம் தேவை என்பது அவனைப் போட்ட பிறகுதான் தங்களுக்குத் தெரிந்தது என்று சாபப்பட்ட அந்தக் கொள்ளையரில் இரண்டு பேர் வாயாலேயே சொல்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் வேறொரு ஓட்டை இருக்கிறது, நீ அதைக் காணவில்லை. தகப்பனும் பெட்டியில் கை வைத்தவன், அப்படியென்றால் அவனும் சாகமுடியாதவன். இந்தக் கொள்ளையர் மூச்சு விடாமல் கடலடியில் நடந்துபோய்க் கடற்படைக் கப்பலைப் பிடிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள், உலகம் முழுக்கக் காசு தேடித் திரிந்த காலத்தில், தாங்களே போட்ட ஆளைத் தேடி ஏன் இறங்கவில்லை? ஆழ்கடல், போட்ட இடம் தெரியாது என்று மகள் சொல்கிறாள். எனக்கு அது காணாது. இரண்டு இரவு இதையே யோசித்துக்கொண்டு படுத்தேன்.

காசு கடலில் பட்டால் கொள்ளையரைக் கூப்பிடும் என்பதிலும் ஒரு சிக்கல். எலிசபெத் கோட்டை மதிலால் விழும்போது தண்ணீருக்குள் ஒரு அதிர்வு போகிறது, காற்று மாறுகிறது, அன்றிரவே கறுப்புக் கப்பல் வந்துவிடுகிறது. அப்படியானால் தொடக்கத்தில் உடைந்த பலகையில் மிதந்துவந்த சிறுவனின் கழுத்தில் அதே காசு கிடந்ததே? அந்தப் புகாருக்குள் கறுப்புப் பாய்க்கப்பல் நின்றதைக் காட்டுகிறார்கள். வந்தவர்கள் காசை எடுக்காமல் ஏன் போனார்கள் என்பதற்குப் பதில் இல்லை. இதை உனக்குத் தந்துவிடுகிறேன்.

இனி நான் கண்ட நல்ல இடங்களைக் கேள். ஜாக் முதல் தரம் பிடிபடும்போது கடற்படை அதிகாரி நோரிங்டன் அவனுடைய சாமான்களைக் கிண்டிப் பார்க்கிறான். துவக்கில் ஒரு வெடிதான், மேலதிகக் குண்டும் இல்லை, மருந்தும் இல்லை. கேலியாகச் சொல்லிவிட்டுப் போகிறான், நாங்களும் சிரித்துவிட்டுப் போகிறோம். கொஞ்ச நேரத்தில் கொல்லன் பட்டறையில் வில்லோடு சண்டை. வழியை மறித்து நிற்கிற பெடியனுக்கு நேரே துவக்கை நீட்டியும் ஜாக் சுடவில்லை. இந்த வெடி உனக்கானதல்ல என்கிறான், தப்பி ஓட முடியாமல் அங்கேயே பிடிபடுகிறான். ஏன் சுடவில்லை என்று முதல் தரம் பார்க்கிறவனுக்கு விளங்காது. தீவில் தனியே விடப்படுகிறவனுக்கு ஒரு வெடியோடு துவக்குக் கொடுப்பார்கள் என்பதும், அந்த வெடி யாருக்காகக் காத்திருக்கிறது என்பதும் பிறகுதான் வருகிறது. திரும்பப் பார்க்கிறபோது அந்தப் பட்டறைச் சண்டை வேறு சண்டையாகத் தெரிகிறது. அந்த ஆட்டம் பாட்டம் எல்லாவற்றுக்கும் உள்ளே அந்த மனிதன் ஒரே ஒரு காரியத்தைச் சுமந்துகொண்டு திரிகிறான்.

கடைசிச் சண்டையைப் பற்றி நீ எழுதியதுதான் எனக்கு ஆகவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும். சமாதான காலத்தில், ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவிலிருந்து வந்த சீடியில்தானே முதல் பார்த்தோம். ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் ரீவியைக் கூட்டி வைத்து, ஒருவருக்கும் முழுதாக விளங்காத ஆங்கிலத்தில். இரண்டாம் சீடி குகைச் சண்டையில் சிக்கிவிட்டது. சாரத்தால் துடைத்துத் துடைத்துப் போட்டும் அதே இடத்தில் நின்றது. முடிவை ஆளுக்கொரு விதமாக நாங்களே கட்டிச் சொன்னோம். ஜாக் எல்லாரையும் ஏமாற்றிவிட்டான், கடைசியில் அதிர்ஷ்டத்தால் தப்பினான் என்று நீ சொன்ன முடிவு உன்னிடம் இன்னும் இருக்கிறது. படத்தில் இருப்பது அது அல்ல.

சாபப்பட்ட கொள்ளையரின் தலைவன் பார்போசா, ஜாக்கைத் தீவில் விட்டவனும் அவன்தான். குகையில் அவனோடு பேரம் பேசுகிற ஜாக்கின் கையைப் பார். முகத்தைப் பார்க்காதே. கடற்படைக்காரரைக் கொன்றுவிட்டுப் பிறகு சாபத்தைப் போக்கு என்று யோசனை சொல்கிறான். சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து காசுகளை அள்ளி, ஒருவர் மிச்சமில்லாமல் என்று இழுத்துச் சொல்லும்போது ஒவ்வொன்றாகத் திரும்பப் பெட்டிக்குள் விடுகிறான். அதில் ஒன்று மட்டும் திரும்ப விழவில்லை. அவ்வளவு வெளிச்சத்தில், எங்கள் கண் முன்னாலேயே நடக்கிறது. பிறகு பார்போசாவின் வாள் அவனுக்குள் இறங்குகிறது, தடுமாறிப் பின்னால் போகிறான், நிலவு படுகிறது, அவனும் எலும்புக்கூடு. விரல் எலும்புகளுக்கு மேலால் அந்தக் காசு உருளுகிறது. மகள் கத்திவிட்டாள். திரும்பவும் பேரம் பேசுகிற இடத்துக்கு ஓட்டச் சொல்லிக் கையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வருகிற சில நொடிகளில் எல்லாக் கணக்கும் தீருகிறது. ஜாக் தன் உள்ளங்கையைக் கீறி, இரத்தம் பட்ட காசை வில்லிடம் எறிகிறான். பார்போசாவைச் சுடுகிறான். பத்து வருசம் தூக்கித் திரிந்த வெடியை வீணாக்கிவிட்டாயே என்கிறான் பார்போசா. வீணாக்கவில்லை என்று பெட்டியடியிலிருந்து வில்லின் குரல் வருகிறது. தகப்பனுக்காக வில்லின் இரத்தம், தனக்காக ஜாக்கின் இரத்தம், வெளியே நின்ற இரண்டு காசும் உள்ளே. அப்போதுதான் பார்போசாவின் சட்டையில் சிவப்புப் பரவுகிறது. குளிர்கிறது என்கிறான். சாபம் போனதும் கூடை கூடையாக அப்பிள் தின்பேன் என்று முன்பு சொன்னவன். அவன் கையிலிருந்து ஒரு பச்சை அப்பிள் கடிபடாமலே உருண்டு விழுகிறது. காசு, இரத்தம், துவக்கு, அப்பிள், நான்கும் முன்பே எங்களிடம் காட்டப்பட்டவை. அதிர்ஷ்டம் எங்கே வந்தது, சொல்லு பார்ப்போம்?

ஒரு குறை மட்டும் எனக்கும் உண்டு, அந்தக் குரங்கு. அதுவும் நிலவில் எலும்பாகத் தெரிகிறது, ஆகவே அதுவும் பெட்டியில் கை வைத்ததுதான். அதன் இரத்தத்தை யார் கொடுத்தது? படம் காட்டவில்லை. நீ பெயர்கள் ஓடத் தொடங்க நிற்பாட்டியிருப்பாய். கடைசிவரை ஓடவிட்டால் குரங்கு திரும்பக் குகைக்கு வந்து ஒரு காசை எடுப்பது தெரியும்.

மகனையும் கூட்டிக்கொண்டு குகைப் பேரத்திலிருந்து முடிவுவரை திரும்பப் பார்த்துவிட்டு எழுது. கடலடியில் கிடக்கிற தகப்பனைப் பற்றியும் அவனிடம் கேள், பிள்ளைகளுக்கு எங்களுக்குத் தோன்றாதது தோன்றும். வைகாசிப் பொங்கலுக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறாய். ரிக்கற் போட்டதும் திகதியைச் சொல்லு. பொங்கல் கிழமைக்குக் கட்டுநாயக்காவுக்கு வான் பிடிப்பது கஷ்டம், முதலே சொல்லி வைக்கவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்