எந்தக் கதவைத் தட்டச் சொல்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனித உரிமை நாளன்று நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையில், ‘உள்நாட்டில் நீதி கிடைக்காத எவரும் சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. தி ஹேக்கில் உள்ள அந்த நீதிமன்றத்தில் நாடுகள்தான் வழக்காட முடியும், தனி ஆள் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019இல் தீர்ப்பு வந்தபோது நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். அங்கே போனது அவருடைய வீட்டார் இல்லை, இந்திய அரசு. சொந்த அரசின் ஆட்களே அடித்தால் நமக்காக யார் போவார்கள்?

அதே ஊரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் என்று இன்னொன்று இருக்கிறது. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார். அது இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்கானது, அதில் இந்தியா உறுப்பினரே இல்லை. அதை ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல மாட்டேன். பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் துதெர்த்தேவை 2025 மார்ச்சில் பிடித்து அங்கே கொண்டுபோனார்கள். ஆனால் புதினுக்கு 2023இல் பிடிவாரண்ட் போட்டார்கள். மறு ஆண்டு அவர் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கே போய்விட்டுத் திரும்பினார், யாரும் கை வைக்கவில்லை. நீதிமன்றத்துக்கென்று தனியாகப் போலீஸ் கிடையாது. இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

என் தம்பி கடலூர்ப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திருட்டு வழக்கு விசாரணை என்று இரவு கூட்டிப்போய் மறுநாள் சாயங்காலம் அனுப்பினார்கள். உள்ளங்கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. கையைத் தூக்க முடியாமல், அம்மாதான் சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல் சட்டை மாட்டிவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வழுக்கி விழுந்ததில் காயம்’ என்று எழுதியிருந்தது. அவன் அப்படிச் சொல்லவேயில்லை, கூட வந்த காவலர் சொன்னது. வண்டியும் லைசென்சும் அவர்கள் கையில் இருந்தபோது எங்களால் வாய் திறக்க முடியவில்லை. எல்லாம் கைக்கு வந்து, மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம் என்று விசாரித்தால், சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் புகாரை எடுக்க முடியாது என்றார் வக்கீல். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆவது பிரிவாம். அந்த ஓராண்டுக் கெடு பற்றி ஒரு மனித உரிமை நாளிலாவது உங்கள் பத்திரிகையில் நான் படித்ததில்லை. தம்பி அடிபட்ட செய்தியையாவது போடுவீர்கள் என்று எழுதி அனுப்பினேன். வரவில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவரின் குடும்பம், இருக்கிறது. பிள்ளைகள் பாரீசில். அங்கே போலீஸ் அடித்தால், பிரெஞ்சு நீதிமன்றங்களில் முறையிட்டுப் பார்த்துவிட்டு, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு அவர்களே மனுப் போடலாம், கட்டணமும் இல்லை. 1999இல் செல்மூனி என்பவரைக் காவலில் சித்திரவதை செய்ததற்காக பிரான்சையே அந்த நீதிமன்றம் குற்றவாளி என்றது. அவர் பிரெஞ்சுக் குடிமகன்கூட இல்லை. அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இப்படி ஒவ்வொன்று உண்டு. ஆசியாவுக்கு இல்லை. என் தம்பி விசா வாங்கிக்கொண்டு போய் பிரான்சில் அடிபட்டிருந்தால் அவனுக்கு ஒரு வழி இருந்திருக்கும். புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனி ஆள் எழுத வழி உண்டு. அதற்கான நெறிமுறையை இந்தியா ஏற்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. அந்த நெறிமுறையை ஏற்றுக்கொண்ட இலங்கையின் கதை இன்னும் மோசம். வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட தமிழர் சிங்கராசாவின் வழக்கில் அவருக்குச் சாதகமாக 2004இல் அந்தக் குழு சொன்னதை, 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. போர்க்காலக் கொடுமைகளுக்குப் பொறுப்புக் கேட்டு ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2015இல் ஜெனீவாவில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தானும் சேர்ந்து முன்மொழிந்த இலங்கை, 2020இல் விலகிக்கொண்டது. ஜெனீவாவில் இப்படித் தீர்மானம் வரும் ஒவ்வொரு முறையும் நீங்கள் தலைப்பில் ‘வெற்றி’ என்று போடுகிறீர்கள். கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமுக்கு ஒரு நிருபரை அனுப்பி, என்ன வெற்றி வந்து சேர்ந்தது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஜெனீவாவும் தி ஹேக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே சேர்த்துவைக்கும் சாட்சியங்கள் என்றாவது ஒருநாள் உதவும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் இல்லாத வழியை இருப்பதாகச் சொன்னால், அடிபட்டவன் அதை நம்பி இருக்கிற ஓராண்டையும் விட்டுவிடுவான்.

தயவுசெய்து அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். கூடவே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போதும்: ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். காவல் நிலையங்களில் கேமரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம், தம்பி அதே ஊரில்தான் வண்டி ஓட்டுகிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி