ஆறாவது விதியை நீக்கிவிடுங்கள்

கொங்கு நாட்டில் புத்தகத் திருவிழாக்களையும் மாணவர் சிறுகதைப் போட்டிகளையும் நடத்துகிற குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய ஐயா, அம்மா,

வணக்கம். சென்னிமலைக்கு அருகில் ஒரு கிராமத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை எழுதப் பழக்குகிறேன். போன ஆண்டு அப்படி எழுதிய கதைகளில் ஒன்றை ஒரு போட்டிக்கு அனுப்பினோம். இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. உடன் வந்த தாளில் ஆறாவது விதியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்: பேய், பிசாசு, மூடநம்பிக்கை சார்ந்த கதைகள் ஏற்கப்படமாட்டா.

எந்தப் போட்டி என்று சொல்லப்போவதில்லை. விசாரித்துப் பார்த்ததில் ஏறக்குறைய இதே வரி வேறு சில அறிவிப்புகளிலும் இருக்கிறது. அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அந்தக் கதையை எழுதியவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. அவளுடைய பெரியம்மா பதினைந்து வயதில் நூற்பாலைக்குப் போனவர். மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்ற ஏற்பாடு. சுமங்கலித் திட்டம் என்றால் நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. கதையில் அந்தப் பெண் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடுகிறாள். அதற்குப் பிறகு தினமும் விடிகாலையில் வீட்டு வாசற்படியில் ஒரு கைப்பிடிப் பஞ்சு கிடக்கிறது. அம்மா கூட்டித் தள்ளுகிறாள், மறுநாளும் கிடக்கிறது. கோலம் போட்டால் மாவின் மேல் பஞ்சு. இரவில் இருமல் சத்தம் கேட்கிறது. வீட்டில் யாரும் இருமவில்லை. கடைசியில் அம்மா கூட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பஞ்சைச் சேர்த்துவைக்கத் தொடங்குகிறாள். தலையணை உறை ஒன்று மெல்ல மெல்ல நிறைகிறது. கதை அவ்வளவுதான்.

வெள்ளைப் புடவை இல்லை, கொலுசொலி இல்லை, மந்திரவாதி இல்லை. இதில் எந்த வரியை மூடநம்பிக்கை என்கிறீர்கள்?

உங்கள் விதி எந்த எண்ணத்தில் பிறந்தது என்று எனக்குத் தெரியும். இது பெரியார் பிறந்த மண். கோடாங்கியிடம் கூட்டிப்போய், தலைமயிரைப் பிடித்து ஆட்டி, வேப்பங்குழையால் அடிபட்ட பெண்களை நான் சிறுமியாக இருந்தபோது கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருத்தியின் முதுகில் இருந்த தழும்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளுக்கு இருந்தது பேயல்ல, குழந்தை செத்துப் பிறந்த துக்கம். அந்தக் கொடுமையைப் பிள்ளைகள் மனத்தில் நியாயப்படுத்தக் கூடாது என்று நீங்கள் நினைப்பதை நான் இரண்டு கையாலும் ஏற்கிறேன். ஆனால் பேயை நம்பச் சொல்வது வேறு, பேயை வைத்துக் கதை சொல்வது வேறு. முதலாவதைத் தடுக்கப்போய் இரண்டாவதையும் அடைத்துவிட்டீர்கள்.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரவாளக் கோட்டம் பற்றிய காதையில் சார்ங்கலன் என்ற சிறுவன் தனியே சுடுகாட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு பேய் பிணத்தின் தலையைக் கையிலேந்திக் கூத்தாடுவதைக் கண்டு அலறிக்கொண்டு தாயிடம் ஓடிவந்து உயிரை விடுகிறான். தாய் கோதமை அவனைத் தூக்கிக்கொண்டு ஊர்க்காவல் தெய்வமான சம்பாபதியிடம் போய் நீதி கேட்கிறாள், மகன் உயிருக்கு ஈடாகத் தன்னுயிரைத் தருவதாகச் சொல்கிறாள். சம்பாபதி அண்டத்துத் தேவர்களை எல்லாம் வரவழைக்கிறது. போன உயிரைத் திருப்பித் தர எங்களாலும் ஆகாது என்று அத்தனை பேரும் சொல்கிறார்கள். தமிழின் மிகப் பழைய பேய்க்கதைகளில் ஒன்று இறந்தவர் திரும்பமாட்டார் என்பதைச் சொல்லத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சாத்தனார் இன்று உங்கள் போட்டிக்கு அனுப்பினால் உறை பிரிபடாமல் திரும்பிப் போகும். பரணி பாடிய சயங்கொண்டாருக்கும் அதே கதிதான். போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சுவதையும், செத்த வீரர்களின் பல்லை அரிசியாகக் குற்றுவதையும் அவரைப் போல யார் பாடியிருக்கிறார்கள்? போரின் வெற்றியைப் பாட வந்தவர் போரின் கோரத்தையும் நம் முன் கொட்டிவிட்டுப் போகிறார்.

நம் ஊருக்கே வருகிறேன். அம்புலிமாமா படித்து வளர்ந்த யாருக்கும் அந்தப் படம் மறக்காது: உருவிய வாளோடு விக்கிரமன், தோளில் தொங்கும் வேதாளம், பின்னால் மண்டையோடுகள். 1924இல் காரத்தொழுவு என்ற நம் கொங்குச் சிற்றூரில் பிறந்த கே.சி. சிவசங்கரன் வரைந்தது அது. 1952இல் அந்தப் பத்திரிகையில் சேர்ந்து பல பத்தாண்டுகள் வரைந்தவர். 2020இல் மறைந்தார், மறுஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்தியக் குழந்தைகளின் கண்ணில் வேதாளத்துக்கு உருவம் கொடுத்தவர் நம்முடைய ஊர்க்காரர் என்பதை எத்தனை விழா மேடையில் சொல்லியிருக்கிறோம்? வேதாளக் கதைகளைப் படித்து நம்மில் யாரும் முருங்கை மரத்துக்குப் பயந்துகொண்டே வாழவில்லை. முடிவில் கேட்கப்படும் கேள்விக்கு விடை தேடினோம், அவ்வளவுதான்.

உலகத்தில் இந்த வகை எழுத்து எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1764இல் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் தொடங்கிவைத்த கோட்டை, நிலவறை, இரும்புக் கவசம் எல்லாம் வெகுநாள் ஓடித் தேய்ந்துவிட்டன. அதற்குள்ளேயே, 1818இல், ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் மேரி ஷெல்லி பேயை விட்டுவிட்டு அறிவியலைக் கையில் எடுத்தார். பெற்றதைக் கைவிட்டு ஓடுகிறவனைப் பற்றிய கதை அது, இருபது வயது நிரம்பாத பெண் எழுதியது. 1987இல் அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன், ‘பிலவ்ட்’ நாவலில், அடிமைத்தனத்துக்குத் திரும்பக் கூடாதென்று தாயே கொன்ற குழந்தை ஆவியாக வீடு திரும்புவதை எழுதினார். மறுஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1993இல் அவருக்கு நோபல் பரிசு. ஆவி வருகிறது என்பதற்காக யாரும் கீழே கோடு போட்டுத் திருப்பி அனுப்பவில்லை. உலக மிகைப்புனைவு விருதுக்குத் தரப்பட்டுவந்த சிலை, திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் தலை. அவருடைய இனவெறியைச் சுட்டிக்காட்டி எழுத்தாளர்கள் எழுப்பிய குரலால் 2015இல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். அந்தத் துறையில் இருப்பவர்கள் யாருடைய பயம் கதையாகிறது, யாரைப் பூதமாகக் காட்டுகிறோம் என்று தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இன்று நாட்டார் வழக்கிலிருந்தும் சூழல் கேட்டிலிருந்தும் பிறக்கும் திகில்தான் எங்கும் ஆர்வத்தோடு படிக்கப்படுகிறது. அவரவர் ஊரின் கிணறு, அவரவர் ஊரின் தெய்வம், அவரவர் ஊரின் குற்றம்.

நம் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? என்னிடம் வரும் கதைகளில் பாதிக்கு மேல் பனி பெய்கிறது. பறக்கும் நாகங்கள், கோபுர மாளிகைகள், வாயில் நுழையாத பெயர்கள். காங்கேயம் வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிக்காட்டை எழுதும் பையனைக் கோபிக்க எனக்கு மனம் வருவதில்லை. அவனுடைய ஊரில் இருக்கும் பயத்தையும் அற்புதத்தையும் எழுதக்கூடாது என்று நாம் விதி போட்டிருக்கிறோம், அவன் வேறு எங்கே போவான்?

ஒரு மாணவனிடம் கேட்டேன், நீ எங்கே நடந்தால் உனக்குப் பயமாக இருக்கும் என்று. யோசிக்காமல் இட்டேரி என்றான். இருபுறமும் கிளுவை வேலி, ஒரு வண்டி போகிற அகலம், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது, சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, போகவேண்டுமானால் அதற்குள்தான் போயாகவேண்டும். இதைவிடவா கோட்டையும் நிலவறையும்? அடுத்த வாரமே இட்டேரியில் எதிரே வருகிறவருக்கு நிழல் இல்லாத ஒரு கதையைக் கொண்டுவந்தான். அதில் அவன் மொழியே மாறியிருந்தது. வாக்கியங்கள் நடந்தன.

நம்மிடம் என்னதான் இல்லை? என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், என்னை அண்ணன்மார் கதை கேட்கக் கூட்டிப்போவார். உடுக்கை விடியவிடிய ஒலிக்கும். இரவு இரவாகக் கதை வளர்ந்து பொன்னரும் சங்கரும் மடியும் இடத்துக்கு வரும்போது படுகளம் விழும். கூட்டத்திலிருந்து ஆண்கள் அருள் வந்து மண்ணில் சாய்வார்கள். அவர்கள் மேல் வெள்ளைத் துணி போர்த்துவார்கள். உடுக்கை நின்றுவிடும். அந்த நேரத்தில் அமுச்சியின் கை என் கையை இறுக்குவது தெரியும், அவர் எத்தனையோ முறை கேட்ட கதைதான் என்றாலும். பிறகு தங்காள் வந்து தண்ணீர் தெளிக்க ஒவ்வொருவராக எழுவார்கள். செத்தவர்களை எழுப்புகிற தங்கை, கொம்பன் என்ற ராட்சதப் பன்றி: இதையெல்லாம் கேட்டு வளர்ந்த நிலத்தில் மிகைப்புனைவை எங்கிருந்தோ வந்த சரக்கு என்று சொல்வது எப்படி? மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மையார் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி 1965இல் இந்தக் கதையை முழுதாக ஒலிப்பதிவு செய்து உலகத்துக்குத் தந்தார். நாம் நம் போட்டிகளில் அதற்குக் கதவடைக்கிறோம்.

ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். அம்மன் மயானத்தில் மல்லாந்து கிடக்கிறாள். திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் அங்கேயே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். ஒருமுறை ஒரு பெண் அரைத்துக்கொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்தேன். மணிக்கட்டுவரை சிவந்து எரிந்திருக்கவேண்டும், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என்ன நடந்தது என்று கேட்டதற்கு, தம்பி பத்திரத்தில் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டான் என்று மட்டும் சொன்னார். மிளகாய் பூசினால் நிலம் திரும்பாது என்று ஒரு பகுத்தறிவுக் கட்டுரை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணை அந்தக் கல்லுக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியது எது என்று கேட்கக் கதையால்தான் முடியும். நம் பேய்க்கதைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. பழையனூர் நீலி முதல் நம் ஊர்ப் புளியமரத்துப் பெண்வரை, நியாயம் கிடைக்காமல் செத்தவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். வயது முதிர்ந்து, பேரன் பேத்தி சூழ நல்லபடியாகப் போன எந்த அப்புச்சியும் பேயாக வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கோவையில் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் இருக்கின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நோய் ஊரையே காலி செய்தபோது உண்டான பயம் அங்கே தெய்வமாக உட்கார்ந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தை நேரில் பார்த்த பிள்ளைகள் அதைக் கதையாக்கினால் கோடு போடுவீர்களா? 1992இல் பாசனத்துக்கென்று திறந்து, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போன ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி ஒரு பையன் எழுதினான். ஆற்றில் இறங்கியவர்களின் நிழல் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறமாக மாறுகிறது அவன் கதையில். நொய்யல் கரையில் வளர்ந்தவனால் மட்டுமே எழுதக்கூடியது அது. அதையும் அனுப்பவில்லை. விதி இருக்கிறதே.

மோசமான பேய்க்கதைகள் ஏராளம் என்பதை மறுக்கமாட்டேன். திரையில் பழகிய அரைத்த மாவையே அரைத்து வரும் கதைகளை நானே கிழித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். பெண்ணைக் கேவலப்படுத்துவதற்கும், ஒரு சாதியையோ மலைமக்களையோ சூனியக்காரர்களாகக் காட்டுவதற்கும் பேயைச் சாக்காக வைக்கும் கதைகளைக் கண்டிப்பாகத் தள்ளுங்கள். ஏன் தள்ளினோம் என்று இரண்டு வரி எழுதியும் அனுப்புங்கள், பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். படித்துவிட்டுத் தள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்களால் முடியுமானால் இன்னொன்றும் செய்யலாம். திருவிழாவில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவரை அழைத்துப் பாடவையுங்கள், அவருக்கு எதிரில் எழுதுகிற பிள்ளைகளை உட்காரவையுங்கள். பாடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பட்டிமன்றத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்பங்கு போதும்.

நான் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் கதையை மடித்துப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. “டீச்சர், பெரியம்மாவைப் பேய் இல்லாமல் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு; பள்ளி மாணவியாகப் போட்டியில் கலந்துகொள்ள இந்த ஓராண்டுதான் அவளுக்கு இருக்கிறது. உங்கள் அறிவிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்த ஆறாவது வரியை எடுத்துவிட்டீர்களானால், கதையைத் தபாலில் போடாமல் நானே பஸ் ஏறி வந்து உங்கள் கையில் தருகிறேன்.

இப்படிக்கு,
சென்னிமலைப் பக்கத்துத் தமிழாசிரியை ஒருத்தி