ஒலிப்பதிவுக்கு ஆண்டு குறிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய இசைத்தட்டுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஒரு சொல் விடாமல் படித்தேன். கர்நாடக இசையின் தொடக்ககால ஒலிப்பதிவுகளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்குவது அடிக்கடி நடப்பதல்ல என்பதால், முதலில் நன்றி. ஆனால், கட்டுரையின் ஓரத்தில் பெட்டிச் செய்தியாக, 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய உரையின் அசல் ஒலிப்பதிவை இணையத்தில் இப்போதும் கேட்கலாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு, இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்படி ஒரு பதிவு கிடையாது. ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைக்கும் போனோகிராஃபை எடிசன் 1877-இல் கண்டுபிடித்துவிட்டார், 1893-க்குள் மெழுகு உருளைகளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால், அந்த உருளையில் குரல் பதிய வேண்டுமானால், பேசுபவர் புனல் போன்ற குழலுக்குள் ஏறக்குறைய முகத்தை நுழைத்து உரக்கப் பேச வேண்டும். அப்படிப் பேசினாலும் ஓர் உருளை இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் கொள்ளாது. ஆயிரக்கணக்கானோர் கூடிய மண்டபத்தில் மேடையில் நின்று பேசியவரின் குரலையும், அதற்கு எழுந்த கைதட்டலையும் சேர்த்துப் பிடிப்பதற்கு ஒலிவாங்கி வேண்டும். ஒலிவாங்கியைக் கொண்டு மின்முறையில் இசைத்தட்டு பதிவு செய்வது வணிகத்துக்கு வந்ததே 1925-இல்தான். இணையத்தில் உலவும் அந்த ஒலிக்கோப்பைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ‘ஸ்’ என்ற உச்சரிப்பு கூர்மையாகக் காதில் விழுகிறது. குழல்வழிப் பதிவு செய்த எந்த உருளையிலும், எந்தத் தட்டிலும் அந்த ஒலி அவ்வளவு தெளிவாக வந்ததில்லை, வரவும் முடியாது. பின்னாளில் யாரோ ஒருவர் உரையை வாசித்துப் பதிந்து, மேலே சற்று இரைச்சலைத் தூவியிருக்கிறார்.

இதில் மனத்தை உறுத்தும் தற்செயல் ஒன்றும் உண்டு. விவேகானந்தர் மறைந்தது 1902 ஜூலை 4. லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் தம் கருவிகளைப் பிரித்து வைத்து, இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவைத் தொடங்கியது அதே ஆண்டு நவம்பரில். இடைவெளி நான்கே மாதங்கள்.

இதே ரகத்தைச் சேர்ந்ததுதான், உலகில் முதன்முதலாகப் பதிவான ஒலி ஜெர்மானிய சம்ஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் ஓதிய ரிக்வேத வரி என்று ஆண்டுக்கு இருமுறையாவது வாட்ஸப்பில் வந்து சேரும் செய்தியும். எடிசன் தம் கருவியில் முதலில் பேசிப் பார்த்தது, மேரி என்ற சிறுமியின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய குழந்தைப் பாட்டு. அந்தச் செய்தி கிராமபோனை எடிசன் கண்டுபிடித்ததாகவும் சொல்கிறது. தட்டைச் சுழற்றும் கிராமபோன் எமில் பெர்லினருடையது. பாரதியாரின் குரல் என்று அவ்வப்போது சொல்லப்படுபவை மட்டும் சற்று வேறு வகை. 1921-இல் அவர் மறைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இசைத்தட்டுக் கம்பெனிகள் சென்னையில் பதிவு செய்துகொண்டிருந்தன. ஆகவே அவரைப் பொறுத்தவரை ‘சாத்தியமே இல்லை’ என்ற வாதம் எடுபடாது. தட்டைக் காட்டுங்கள் என்றுதான் கேட்க வேண்டும். இதுவரை யாரும் காட்டியதில்லை.

கட்டுரையின் மையமான இசைத்தட்டுகளுக்கு வருகிறேன். அதில் ஏழெட்டுத் தட்டுகளுக்கு ஆண்டு தரப்பட்டிருக்கிறது. ஒன்றுக்காவது அந்த ஆண்டு எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பு இல்லை. இதைக் குறையாகச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்தேன், ஏனென்றால் நானே இதில் ஏமாந்தவன். எங்கள் வீட்டில் நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் காகித உறையில் என் தந்தையார் பென்சிலால் ‘1936’ என்று எழுதியிருந்தார். பல ஆண்டுகள், கேட்பவர்களிடமெல்லாம் அது 1936-ஆம் ஆண்டுப் பதிவு என்றே சொல்லி வந்தேன். ஒருநாள் வந்த நண்பர் ஒருவர் சிரித்துவிட்டு, கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்றே காலமாகிவிட்டாரே என்றார். தந்தையார் எழுதி வைத்தது தட்டை வாங்கிய ஆண்டை. எந்த அறையில் எந்த நாளில் கிட்டப்பா அதைப் பாடினார் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

ஒரே பாட்டுக்கு மூன்று தேதிகளாவது உண்டு என்பதை மறப்பதிலிருந்துதான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. பாடி மெழுகில் பதிந்த நாள் ஒன்று. அதிலிருந்து உலோக அச்சு எடுத்துத் தட்டு வார்த்து விற்பனைக்கு வந்த நாள் இன்னொன்று. பாடகர் புகழ் பெற்ற பிறகோ மறைந்த பிறகோ அதே அச்சிலிருந்து புதிய லேபிள் ஒட்டி மறுபடி வார்த்த நாள் மூன்றாவது. லேபிளைப் பார்த்து ஆண்டு சொல்பவர் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் சொல்கிறார். இவற்றுள் எது எது என்பது வெறும் ஆராய்ச்சியாளர் கவலையும் அல்ல. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டுகள். அதை வெளியான ஆண்டிலிருந்து எண்ண வேண்டும், பாடிய ஆண்டிலிருந்து அல்ல.

லேபிள் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. தொடக்கத்தில் கிராமபோன் கம்பெனியின் தட்டுகளில் இறகுபேனாவால் தட்டில் எழுதும் தேவதைதான் முத்திரை. குழலுக்கு முன் உட்கார்ந்திருக்கும் நாய் லேபிளில் ஏறியது பின்னால். கல்கத்தாவில் பதிந்தவை முதலில் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாகி வந்தன. 1908-இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு இங்கேயே வார்த்தார்கள். ஆகவே, ஹானோவரில் வார்த்தது என்று அச்சிட்டிருந்தாலும், ஒரு பக்கம் மட்டுமே பாட்டு இருந்து மறுபக்கம் வழுவழுவென்று இருந்தாலும், காலத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். தட்டு ஹானோவருக்குப் போனதனால்தான், அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரியட்டும் என, பாட்டு முடிந்ததும் பாடகியே தம் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் வந்தது என்பார்கள். கல்கத்தாப் பாடகி கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்வதைக் கேட்காத சேகரிப்பாளர் இருக்க மாட்டார். இந்தியாவில் ‘முதல்’ பதிவு என்று அவர் 1902 நவம்பர் 11 அன்று பாடியதைத்தான் தங்கள் கட்டுரையும் சொல்கிறது. அதற்கு மூன்று நாள் முன்பே, நவம்பர் 8 அன்று, நாடகக் குழுவைச் சேர்ந்த சசிமுகி, பணிபாலா என்ற இரு பெண்களைக் கைஸ்பெர்க் பதிவு செய்துவிட்டார். ‘முதல்’ என்ற சொல்லை இத்துறையில் கைநடுங்காமல் எழுதக் கூடாது.

உண்மையில் தட்டின் ஜாதகம் என்பது மேட்ரிக்ஸ் எண்தான். லேபிளில் அச்சிட்ட பட்டியல் எண் கடைக்காரருக்கானது. மேட்ரிக்ஸ் எண் ஒலிப்பதிவாளர் மெழுகிலேயே கீறியது. தட்டை மேஜை விளக்கின் கீழ் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்து, ஊசி ஓடும் கடைசி வரிக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் வெளிச்சம் பட்டு நான்கைந்து இலக்கங்களும் ஓர் எழுத்தும் பளிச்சென்று எழுந்து வரும். மிகப் பழைய தட்டுகளில் எண் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்து மெத்தென்ற பென்சிலால் தேய்த்தால், கல்வெட்டுப் படி எடுப்பதுபோல், அது தாளில் விழும். கிராமபோன் கம்பெனியின் அந்நாளைய முறையில், எண்ணைத் தொடரும் எழுத்து, பதிவு செய்த ஒலிப்பதிவாளர் யார், தட்டின் அளவு என்ன என்பதைச் சொல்லும். 1925-க்குப் பிந்திய ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் (நாய் முத்திரை) தட்டில் எண்ணுக்கு அருகே ஒரு சிறு முக்கோணம் இருந்தால் அது மின்முறைப் பதிவு. கொலம்பியா கம்பெனித் தட்டில் வட்டத்துக்குள் ஒரு ‘டபிள்யூ’.

மேட்ரிக்ஸ் எண்கள் வரிசையாகப் போகின்றன என்பதுதான் இதன் சூட்சுமம். ஒரு தட்டின் தேதி ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தால், அதன் முன்னும் பின்னும் உள்ள எண்களின் தேதியும் ஒரு வாரத்துக்குள் வந்து அடங்கிவிடும். ஆண்டு குறிப்பிடாத கல்வெட்டை எழுத்தமைதியைக் கொண்டும், அதில் பெயர் வரும் அதிகாரிகளைக் கொண்டும் காலம் கணிக்கிறார்களே, ஏறக்குறைய அதே வேலை இது. மேல்வரம்பை நிறுவுவதற்குப் பழைய சுதேசமித்திரன் போன்ற பத்திரிகைகளில் வந்த இசைத்தட்டு விளம்பரங்களும், கம்பெனிகள் வெளியிட்ட பாட்டுப் புத்தகங்களும் உதவும். விளம்பரம் வந்த நாளுக்குள் தட்டு கடைக்கு வந்துவிட்டது என்பதை மறுக்க முடியாதல்லவா? சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சென்றால் இத்தகைய பாட்டுப் புத்தகங்களைப் பார்க்கலாம்.

காதாலும் காலம் கணிக்கலாம், ஆனால் காது ஏமாற்றவும் செய்யும். குழல்வழிப் பதிவில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலி, ஏறக்குறையக் காணாமல் போய்விடும், ஏனெனில் அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் குழல் பிடிக்காது. அதைக் கேட்டுவிட்டு, அக்காலத்தில் மிருதங்கத்தை அடக்கித்தான் வாசித்தார்கள் என்று இசையறிஞர் ஒருவரே மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீணை தனம்மாள் 1867-இல் பிறந்தவர். இன்று நாம் கேட்கும் அவருடைய தட்டுகள் மின்முறைப் பதிவுகள். அதாவது, நாம் கேட்பது அறுபதைக் கடந்த விரல்கள். அந்த வாசிப்பின் நிதானம் அவருடைய பாணியா, வயதா என்று விவாதிப்பவர்கள் தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ‘78’ தட்டு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. எழுபதுக்குச் சற்று மேலே தொடங்கி எண்பதைத் தாண்டியும் உண்டு. ஏறக்குறைய 74 சுற்றில் பதிந்த தட்டை 78-இல் சுழலவிட்டால் சுருதி அரைக் கட்டை உயரும். 4 கட்டையில் பாடியவர் நாலரைக் கட்டையில் பாடியதாக ஆகிவிடுவார். மூன்று நிமிடப் பாட்டில் பத்து விநாடி காணாமல் போகும். சுரங்களை அசைத்துப் பாடும் கமகங்கள் பறக்கும். இப்படி ஏறிய சுருதியையும் காலப்பிரமாணத்தையும் வைத்துக்கொண்டு, அந்நாளைய வித்வான்களுக்குச் சாரீரம் எப்படி இருந்தது, எவ்வளவு விறுவிறுப்பாகப் பாடினார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். கிட்டப்பாவின் உச்சஸ்தாயியை நான் ஐயுறவில்லை, அதைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார்கள். எந்த வேகத்தில் சுழலவிட்டுக் கணினியில் ஏற்றினார்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

சில ஆண்டுகளைக் கணக்கே பொய்யாக்கிவிடும். சங்கீத வித்வான் மகா வைத்தியநாதய்யர் 1893-இல் மறைந்தார். அவரைப் போன்றே வித்வானான பட்டணம் சுப்பிரமணிய ஐயர் 1902-இல் மறைந்தார். கைஸ்பெர்க்கின் பயணமோ அதே ஆண்டின் கடைசியில், அதுவும் கல்கத்தாவோடு நின்றது. ஆகவே இவ்விருவர் பெயரில் இசைத்தட்டு என்று யாராவது காட்டினால், அது அவர்கள் இயற்றியதை வேறொருவர் பாடியதாகத்தான் இருக்கும். அதேபோல், சென்னை அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16 அன்றுதான் தொடங்கியது. ‘1935, அகில இந்திய வானொலி, சென்னை’ என்று தலைப்பிட்டு உலவும் கச்சேரிகளுக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டாம்.

பேச்சுப் பதிவுகளில் ஒருவர் வாசித்த எழுத்தின் தேதி, வாசித்த நாளின் தேதி என்று இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கடவுளைப் பற்றிக் காந்தியடிகள் ஆங்கிலத்தில் பேசிய கொலம்பியா இசைத்தட்டை அவர் குரலில் கேட்டிருப்பீர்கள். வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்று கிங்ஸ்லி ஹாலில் தங்கியிருந்த 1931 அக்டோபரில் பதிவானது அது. ஆனால் அவர் வாசித்தது 1928 அக்டோபரில் தம் யங் இந்தியா இதழில் தாமே எழுதியதை. வாசகத்தை மட்டும் ஒப்பிட்டு ஆண்டு குறித்தால் மூன்று ஆண்டுகள் தவறிவிடும். இதற்கு நேர்மாறாக, ஒழுங்காகச் செய்த வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்திய மொழியியல் அளவீட்டுக்காக, சென்னை மாகாணத்தில் பேசப்பட்ட மொழிகளையும் வட்டார வழக்குகளையும் 1920-களில் இசைத்தட்டில் பதிந்தபோது, அவற்றின் வாசகங்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் நூலாகவே வெளியிட்டது. விவிலியத்தின் கெட்ட குமாரன் கதையைப் பலரும் தத்தம் பேச்சில் சொல்லும் அந்தத் தட்டுகளைப் பற்றி, நூறாண்டு நெருங்கும் இன்று நம்மால் ஐயமின்றிப் பேச முடிவது அந்தக் காகிதத்தால்தான். ஒரு நாடகத்தையே பல தட்டுகளில் பதிந்த நாடக செட்டுகளுக்கும் நகைச்சுவைத் தட்டுகளுக்கும் அப்படி எதுவும் இல்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ஒலிப்பதிவுக்கு ஆண்டு கொடுக்கும்போது, அதை எதிலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரே ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்: மேட்ரிக்ஸ் எண்ணா, விளம்பரமா, லேபிளா, குடும்பத்தார் சொன்னதா. தட்டின் படத்தை வெளியிடும்போது லேபிளோடு நிறுத்தாமல், எண் பொறித்த வளையமும் தெரியும்படி வெளியிடுங்கள். பரணில் தட்டுகள் வைத்திருக்கும் வாசகர்கள், பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன் அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தால்கூடப் போதும். உறைகளையும் தூக்கி எறிய வேண்டாம். எங்கள் வீட்டுக் கிட்டப்பா தட்டின் உறையில் இருந்த ‘1936’-ஐ நான் அழிக்கவில்லை; பக்கத்தில் ‘வாங்கிய ஆண்டு’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.