குளக்கட்டில் படிந்த கோடு: மெயின்பிரேம் கோப்பின் இடக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த மெயின்பிரேம் (பெருங்கணினி) கட்டுரை, விசாம் கோப்பில் (ஐபிஎம் மெயின்பிரேமில் பதிவுகளைச் சேமிக்கும் கோப்பு வகை) மிச்சமுள்ள இடத்தை அறிய, கோப்பின் விவரங்களைப் பட்டியலிடும் லிஸ்ட்கேட் அறிக்கையின் ஹை-ஏ-ஆர்பிஏ எண்ணிலிருந்து ஹை-யூ-ஆர்பிஏ எண்ணைக் கழிக்கச் சொல்கிறது. கழித்தால் கிடைப்பது இன்னும் தொடாத இடம் மட்டுமே. தொட்ட இடத்துக்குள் எவ்வளவு காலி என்பது அதில் தெரியாது.

இரண்டும் பைட் கணக்கு. முதலாவது எண், கோப்புக்கு ஒதுக்கிய இடத்தின் முடிவு. இரண்டாவது எண், பயன்பாடு எட்டிய உச்சம். கந்தளாய்க் குளக்கட்டில் வெள்ளம் ஏறிய கோடு, நீர் வற்றிய பிறகும் அப்படியே கிடக்கும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

3390 என்ற ஐபிஎம் வகை டிஸ்கில் 10 சிலிண்டர் (டிஸ்க் இட அலகு) ஒதுக்கி, 4,096 பைட் கன்ட்ரோல் இன்டர்வலுடன் (பதிவுகளை வைக்கும் துண்டு) ஒரு கேஎஸ்டிஎஸ் கோப்பை (பதிவுகளைச் சாவி, அதாவது அடையாள மதிப்பு, வரிசையில் வைக்கும் விசாம் வகை) வரையறுத்தோம் என்று வையுங்கள். ஒரு ட்ராக்குக்கு 12 இன்டர்வல், 15 ட்ராக் கொண்ட சிலிண்டருக்கு 180. சிலிண்டர்தான் இங்கே கன்ட்ரோல் ஏரியா, அதாவது இன்டர்வல்களின் தொகுதி. ஒரேயொரு பதிவை ஏற்றி மூடினாலே ஹை-யூ-ஆர்பிஏ 737,280 என்று நிற்கும். கோப்பு கூடுவது ஏரியா ஏரியாவாக.

பதிவுகளை அழித்தால் இந்த எண் இறங்காது. காலியான இன்டர்வல் தன் சாவி வரம்புக்குள் வரும் பதிவுகளுக்கே உதவும். வரிசை எண்களே சாவியென்றால் பழைய எண்கள் திரும்பி வரப்போவதில்லை, கோப்பு நீண்டுகொண்டே போகும். மெயின்பிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ் 1.12 முதல், முழுதாகக் காலியான ஏரியாவை மீட்டு வேறிடத்துக்குப் பயன்படுத்தும் வசதி இருக்கிறது. அப்போதும் கோடு கீழிறங்காது. இறக்க வேண்டுமானால் ரெப்ரோ என்ற நகலெடுக்கும் கட்டளையால் பதிவுகளை வெளியே எடுத்து, கோப்பை அழித்து, மறுபடி வரையறுத்து ஏற்ற வேண்டும்.

காலியிடத்துக்கு அதே அறிக்கையின் புள்ளிவிவரப் பகுதியில் உள்ள ஃப்ரீ-ஸ்பேஸ் பைட் எண்ணைப் பாருங்கள். பாதி நிறைந்த இன்டர்வல்களின் காலி அதிலும் சேராது.

இன்னொன்று: ஹை-யூ-ஆர்பிஏ கேட்டலாக்கில் (கோப்புகளின் விவரப் பதிவேடு) புதுப்பிக்கப்படுவது பெரும்பாலும் கோப்பை மூடும்போதே. நடுவில் சிஸ்டம் விழுந்தால் பழைய எண் கிடக்கும், புதுப் பதிவுகள் இல்லாததுபோலத் தோன்றும். விசாம் கோப்புகளைக் கையாளும் ஐடிகேம்ஸ் நிரலில், இந்த எண்ணைச் சரிசெய்யும் வெரிஃபை கட்டளையை ஓட்டிவிட்டுத்தான் லிஸ்ட்கேட் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.