தாமிரபரணிக் கல் ஒரு பை

சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல், இத்யாதி. பாலுவுக்கு ஸ்டென்ட் வெச்ச சேதி உனக்கு வந்திருக்கும். ஆள் தேறிட்டான், ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே நர்ஸுக்கு ஜாதகம் பார்க்க ஆரம்பிச்சுட்டான். நான் எழுத வந்தது வேற. மொட்டை மாடியில பாசி வளர்க்கிறேன். சிரிச்சு முடிச்சுட்டு மேல படி.

கொளத்தூர் வண்ணமீன் கடையில ஓட்டோசிங்க்ளஸ்னு நாலைஞ்சு பொடி மீன் வாங்கினேன். "பாசியைத் தின்னுடும் சார், தொட்டி சுத்தமா இருக்கும்"னு கொடுத்தாங்க. சுத்தமான தொட்டியில அது எதைத் தின்னும்? அதைக் கடையில யாரும் சொல்றதில்லை. கண்ணாடியில ஒட்டியிருக்கும்போது அடிவயிறு தெரியும். தின்ன மீனுக்கு உப்பலா இருக்கும். இதுங்களுக்கு உள்வாங்கிக் கிடந்தது. மிதக்கிற தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. தென்னமெரிக்க ஆத்துல கல்லையும் இலையையும் சுரண்டியே வளர்ந்த சாதி.

அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. தொட்டியில மாத்துற பழைய தண்ணியைப் பேசின்ல ஊத்தி, கூழாங்கல் போட்டு வெயில்ல வெச்சுடறேன். அந்தத் தண்ணியில இருக்கிற நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமே பாசிக்கு உரம். முதல்ல கல் வழவழக்கும், அப்புறம் மெல்லிசாப் பச்சை படியும். நகத்தால சுரண்டினா வழிச்சுக்கிட்டு வரணும், அதுதான் பதம். நூல் நூலா நீண்டுட்டா துரைமார் தொடமாட்டாங்க. ராத்திரி ஒரு கல்லை இறக்கினா காலையில அதுமேல குட்டிக் குட்டியா வாய்த்தடம்! தின்ன கல் மாடிக்கு, பச்சைக் கல் தொட்டிக்கு. தண்ணியே பச்சையாயிட்டா அது இந்த ஓட்டோ மீனுக்கு ஆகாது. அதுல மொய்னாங்கிற பொடி நீர்ப்பூச்சி வளர்க்கலாம், மொய்னாவைக் கப்பி மீன் குஞ்சு தின்னும். ஆமா, அதுக்கும் தனியா ஒரு பேசின் வந்தாச்சு. உன் தங்கச்சி பேச்சைக் குறைச்சுட்டா.

டெங்குவுக்காக வீடுவீடாப் பார்க்க வர்றவர் மாடியேறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கொசுவலைத் துணி கட்டியிருந்ததால தப்பிச்சேன்.

விளையாட்டில்லாம ஒண்ணு சொல்றேன் சுந்தரம். கண்ணாடியைத் தேய்ச்சுத் தேய்ச்சு மீனோட சோத்துத் தட்டைக் கழுவி வெச்சுட்டு, மீன் தங்கலைன்னு நாமளே அலுத்துக்கிறோம். உயிரைக் காசு கொடுத்து வாங்கி, துடைக்கிற வேலைக்கு வெச்சுக்கிறோம். இதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை. உன் மருமகன் வெச்சிருக்கிற சக்கர் மீனும் இதே கதைதான். அது ஒரு அடிக்கு மேல வளரும். பெருசாயிடுச்சுன்னு வாய்க்கால்ல விட்டுடப் போறான், கண்டிச்சு வை. அப்புறம் நம்ம கெண்டைக்கும் அயிரைக்கும் அங்க இடமிருக்காது.

ஐப்பசி மழையில வெயிலே இல்லை, பாசி மந்தம். கல் நிறைய இருந்தாத்தான் முறைவெச்சு மாத்த முடியும். தைக்கு வரும்போது தாமிரபரணிக் கூழாங்கல் ஒரு பை கொண்டு வா. உள்ளங்கையில அடங்கறதாப் பாரு. வினிகர் விட்டுப் பொங்கினா சுண்ணாம்புக்கல், அது வேண்டாம். பஸ்ல கனக்குதுன்னு முனகாதே. உன் தனிக்குடித்தனத்துக்கு ஆட்டுக்கல்லை மூணு மாடி தூக்கினவன் நான்.

ராமு