புளோயர் மோட்டாருக்குப் பொருந்தாத செராமிக் பேரிங்குகள் வழங்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்
பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்,
தோல் பதனிடும் ஆலை,
ராணிப்பேட்டை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
தொழிற்சாலை பேரிங் விற்பனைப் பிரிவு,
வேலூர் கிளை.

பொருள்: 6309 அளவுள்ள முழு செராமிக் பேரிங்குகளின் உள்வளையம் வெடித்தது, மாற்றாக வந்த கலப்பு பேரிங்குகள் (ஸ்டீல் வளையமும் செராமிக் குண்டும் கொண்டவை) துருப்பிடித்த நிலையில் வந்து சேர்ந்தது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கிளையின் பொறியாளர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இரண்டு பேரிங்குகளில் ஒன்று சில வாரங்களிலேயே உடைந்தது. மற்றொன்றைப் பாதுகாப்புக் கருதி நாங்களே கழற்றி வைத்திருக்கிறோம். இதற்கு நாங்கள் அனுப்பிய முதல் கடிதத்துக்கு, "பொருத்தும்போது நேர்ந்த தவறு, உத்தரவாதம் பொருந்தாது" என்று இரண்டே வரியில் பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை எங்களால் ஏற்க இயலவில்லை. காரணங்களை இக்கடிதத்தில் விரிவாகவே எழுதுகிறேன். தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் இதை முழுமையாகப் படித்துப் பதில் அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேரிங்குகள் பொருத்தப்பட்ட மோட்டார் 15 கிலோவாட் திறனும் நான்கு துருவங்களும் கொண்டது. எங்கள் ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில், காற்றேற்றத் தொட்டிக்குக் காற்றுச் செலுத்தும் புளோயரை அது வி-பெல்ட் மூலம் சுழற்றுகிறது. அந்தப் புளோயர் நின்றால் தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. நேரம் செல்லச் செல்ல அவை மடியத் தொடங்கும், தொட்டி நாற்றமெடுக்கும், மீண்டும் அந்த உயிர்ச்சேற்றை வளர்த்தெடுக்க நாள்கணக்கில் ஆகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பாலாற்றங்கரையில் தோல் தொழில் செய்யும் எவரும் சுத்திகரிப்பைப் பெயருக்கு நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆற்று நீரையும் கிணற்று நீரையும் நம்பி இருக்கும் ஊர்களின் நடுவில்தான் எங்கள் ஆலை இருக்கிறது. ஆகவே இந்த மோட்டாரில் பேரிங் உடைவதை வெறும் உதிரிபாகச் செலவாக நாங்கள் பார்ப்பதில்லை.

மின்சாரத்தை மிச்சப்படுத்த, வேகத்தை மாற்றித் தரும் டிரைவ் ஒன்றை இந்த மோட்டாருக்கு இணைத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பமாயிற்று. இத்தகைய டிரைவ்கள் மின்னழுத்தத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி அனுப்புவதால், ஷாஃப்டில் ஒரு மின்னழுத்தம் தேங்கி, அது பேரிங்கின் குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் பாய்கிறது. பாயும்போதெல்லாம் கிரீஸ் படலத்தைத் துளைத்து நுண்ணிய தீப்பொறி விடுகிறது. அப்போது மோட்டாரில் இருந்த ஸ்டீல் பேரிங்கைக் கழற்றி அறுத்துப் பார்த்தபோது, வெளிவளையத்தில் குண்டுகள் உருளும் ஓடுபாதை முழுவதும் சம இடைவெளியில் குறுக்குவரிகள் விழுந்து, துணி துவைக்கும் வரிப்பலகை போல இருந்தது. கிரீஸ் கருகித் தார் போலாகியிருந்தது. மோட்டாரில் மின் பாய்ச்சலால் வரும் சேதத்துக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இந்தப் படங்களையும், மோட்டாரின் திறன், வேகம், பெல்ட் இழுவை, ஷாஃப்ட் அளவு, இயங்கும் வெப்பநிலை ஆகியவற்றையும் தங்கள் கிளைக்கு அனுப்பி, "மின்சாரம் கடக்காத பேரிங் எது பொருந்தும்?" என்று எழுத்து மூலம் கேட்டிருந்தோம். எந்த வணிகப் பெயரையும் நாங்கள் குறிப்பிடவில்லை. தேர்வைத் தங்கள் பொறியாளரின் அறிவுக்கே விட்டிருந்தோம்.

அவர் பரிந்துரைத்தது, வளையமும் குண்டும் ஸிர்கோனியா என்ற செராமிக்கால் ஆன, குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூண்டு பிடிஎஃப்இ பிளாஸ்டிக்கால் ஆன, வெள்ளை நிற முழு செராமிக் பேரிங். "கலப்பு பேரிங்கைவிட இது ஒரு படி மேல், செராமிக் அதிகம் இருந்தால் ஆயுளும் அதிகம்" என்று அவர் அனுப்பிய மின்னஞ்சல் எங்களிடம் இருக்கிறது. இந்த எண்ணமே அடிப்படையில் பிழையானது என்பதைத் தங்கள் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய வேலைக்குக் குண்டு மட்டும் செராமிக்காக இருந்தால் போதும். சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக்கால் ஆன குண்டு மின்சாரத்தைக் கடத்தாது. வளையங்கள் ஸ்டீலாக இருப்பதால் ஷாஃப்டிலும் ஹவுசிங்கிலும் (பேரிங்கைத் தாங்கும் கூட்டிலும்) வழக்கமான இறுக்கத்தில் உட்காரும். மோட்டாருக்குக் கலப்பு பேரிங் என்று தொழில்துறை வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். முழு செராமிக் பேரிங்கின் இடம் வேறு: அமிலத் தொட்டிகள், கிரீஸ் இடவே முடியாத வெற்றிட அறைகள், காந்தப்புலம் கூடாத கருவிகள் போன்றவை. அங்கெல்லாம் பளு குறைவாகவும் அதிர்வு இல்லாமலும் இருக்கும். பெல்ட் இழுத்துக்கொண்டே இருக்கும் மோட்டார் முனை அப்படிப்பட்ட இடமல்ல.

இனி, பொருத்திய விதத்தைப் பற்றித் தாங்கள் கூறியதற்கு வருகிறேன். 6309-இன் உள்விட்டம் 45 மில்லிமீட்டர். இந்த மோட்டாரின் ஷாஃப்ட் கே5 அளவில் கடையப்பட்டது. அதாவது 45 மில்லிமீட்டருக்கு மேல் 2 முதல் 13 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பெரிதாக இருக்கும். சாதாரணத் துல்லிய வகுப்பு பேரிங்கின் துளையோ அதே 45-இலிருந்து 12 மைக்ரான் வரை சிறிதாக இருக்கலாம். ஆக, 2 முதல் 25 மைக்ரான் வரை இறுக்கம் வரும். ஸ்டீல் வளையம் அந்த இறுக்கத்தில் சற்றே விரிந்து கொடுத்து, எந்தக் குறையுமின்றி ஆண்டுக்கணக்கில் ஓடும். செராமிக்கோ அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. உள்வளையத்தை இறுக்கமாக ஏற்றினால் அந்த வளையம் முழுவதும் நிரந்தர இழுவிசையில் இருக்கும். அதற்கு மேல், ஓடும் மோட்டாரில் ரோட்டரின் சூடு ஷாஃப்ட் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. ஸிர்கோனியாவின் வெப்ப விரிவு ஸ்டீலை ஒட்டி வரும் என்பது உண்மைதான். சிலிக்கான் நைட்ரைடு வளையமாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் ஸிர்கோனியா வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவது. ஷாஃப்ட் சூடேறி விரியும் வேகத்துக்கு வளையம் முழுவதும் சூடேறுவதில்லை. மோட்டாரைத் தொடங்கி வெப்பநிலை உயரும் நேரத்தில் இறுக்கம் இன்னும் கூடுகிறது. இந்தக் கணக்கைத் தங்கள் பொறியாளர் போட்டிருந்தால், ஒன்று ஷாஃப்டைத் தளர்வான அளவுக்குக் கடையச் சொல்லியிருப்பார், அல்லது இந்த பேரிங்கையே பரிந்துரைத்திருக்க மாட்டார்.

ஷாஃப்டில் ஏற்றும் நாளன்று நடந்ததும் தங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஃபிட்டர்கள் இந்த அளவு பேரிங்குகளை எப்போதும், உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கும் இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரியைத் தாண்டாமல் சூடாக்கி ஏற்றுவார்கள். ஸிர்கோனியா மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த ஹீட்டரில் அது சூடாகவே இல்லை. உடனே தங்கள் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவர் சொன்னது: "பிரஸ்ஸில் வைத்து ஏற்றிவிடுங்கள், ஒன்றும் ஆகாது." அவர் சொன்னபடியே, உள்வளையத்தின் முகத்தில் மட்டும் படும்படியான குழாயை வைத்து, குண்டுகள் வழியாகத் துளியும் விசை செல்லாதபடி, நேராக ஏற்றினோம். உடைந்த உள்வளையத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், விரிசல் ஷாஃப்டின் அச்சுக்கு இணையாக ஒரு பக்க முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை ஒரே கோடாகச் சென்றிருப்பது தெரியும். துளையின் பக்கத்திலோ முகத்திலோ சுத்தியல் அடியின் தழும்போ, சாய்த்து ஏற்றியதால் வரும் கீறலோ எதுவும் இல்லை. இழுவிசையில் வெடிக்கும் வளையம் இப்படித்தான் வெடிக்கும். பொருத்துவதில் தவறு என்று எழுதியவர் இந்த வளையத்தைக் கண்ணால் பார்க்காமலேயே எழுதியிருக்கிறார் என்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பேரிங்குடன் வந்த துண்டறிக்கையைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். அதில் "கிரீஸ் தேவையில்லை", "எடை குறைவு, வேகம் அதிகம்" என்ற இரண்டு வாசகங்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஷாஃப்டில் எந்த இறுக்கத்தில் ஏற்றலாம், எவ்வளவு பளு தாங்கும், எந்த வெப்பநிலை வரை ஓடும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எடை குறைவு என்பது கலப்பு பேரிங்கின் சிலிக்கான் நைட்ரைடு குண்டுகளுக்குச் சரியே: அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.2 கிராம், ஸ்டீலின் அடர்த்தி 7.8 கிராம். அதன் பயன் இயந்திரக் கருவிகளின் அதிவேக ஸ்பிண்டில்களில்தான் தெரியும். நிமிடத்துக்கு 1,450 சுற்று ஓடும் புளோயர் மோட்டாருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. கிரீஸ் வேண்டாம் என்ற வாசகத்தையோ கலப்பு பேரிங்குகளின் பெட்டியிலும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றின் வளையம் ஸ்டீல். கிரீஸ் இல்லாமல் ஓட்டினால் ஓடுபாதை தேயும், துருவும் ஏறும். அதைப் படித்து நம்பும் ஒரு சிறிய பட்டறைக்காரருக்கு என்ன நேரும் என்று தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வற்புறுத்தலுக்குப் பிறகு, விலை வித்தியாசத்தை நாங்களே கட்டி, தாங்கள் அனுப்பிய கலப்பு பேரிங்குகளிலும் குறை இருக்கிறது. அவை வந்தபோது வெற்றிட உறை ஏற்கெனவே கிழிக்கப்பட்டு, ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒரு பேரிங்கின் வெளிவளையத்தில் ஒருவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. ரேகையின் வளைவுகளை எண்ணிவிடலாம் என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தது. யாரோ கடையில் உறையைப் பிரித்து, வெறும் கையால் எடுத்து, விரலால் சுழற்றிக் காட்டிவிட்டு மீண்டும் உள்ளே வைத்திருக்கிறார்கள். வியர்வையில் உள்ள உப்பு பேரிங் ஸ்டீலை ஒரே இரவில்கூடத் தின்னும். உப்பிட்ட தோல்கள் குவிந்திருக்கும் எங்கள் பகுதியின் காற்றில் அது இன்னும் விரைவாகவே நடக்கும். பேரிங்கின் உறை பொருத்தும் நிமிடத்தில்தான் பிரிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் உதவியாளர்களுக்குக்கூட முதல் நாளே சொல்லிக் கொடுக்கப்படும் விதி.

மேலும் நாங்கள் கேட்டது சி3 இடைவெளி, அதாவது குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே சாதாரணத்தைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளி. இந்த அளவு பேரிங்கில் சாதாரண இடைவெளி 6 முதல் 23 மைக்ரான், சி3 என்றால் 18 முதல் 36 மைக்ரான். கே5 இறுக்கத்திலும் உள்வளையச் சூட்டிலும் இந்த இடைவெளியில் ஒரு பங்கு கரைந்துபோகும் என்பதால்தான் மோட்டாருக்குச் சி3 கேட்கிறோம். வந்த பேரிங்கில் இடைவெளிக் குறியே பொறிக்கப்படவில்லை. குண்டுகளின் சிலிக்கான் நைட்ரைடு ஐஎஸ்ஓ 26602 தரநிலையின் எந்த வகுப்பைச் சேர்ந்தது, குண்டுகள் ஐஎஸ்ஓ 3290-இன் இரண்டாம் பகுதியின்படி சோதிக்கப்பட்டவையா என்பதற்கான சான்றும் இல்லை. செராமிக் குண்டின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பிறை வடிவ விரிசல் ஒன்றிருந்தால் போதும், பளுவில் அது செதிளாகப் பெயரும். கரிய நிறத்தைப் பார்த்தே அதன் தரத்தை எங்களால் நம்பிவிட முடியாது.

1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 16-ஆம் பிரிவில், வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பதைத் தெரிவித்து, விற்பவரின் அறிவையும் தீர்ப்பையும் நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் நோக்கத்தை எழுத்தில் தெரிவித்திருக்கிறோம். தேர்வைத் தங்களிடமே விட்டிருக்கிறோம். பரிந்துரையும் எழுத்திலேயே வந்திருக்கிறது. வழக்குக்குப் போவது எங்கள் விருப்பமல்ல. இருந்தாலும் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனவே, முழு செராமிக் பேரிங்குகள் இரண்டின் விலையையும், கலப்பு பேரிங்குகளுக்கு நாங்கள் கட்டிய வித்தியாசத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். சி3 குறி பொறித்த, உறை பிரிக்கப்படாத, குண்டுகளின் தரச்சான்று கூடிய புதிய 6309 கலப்பு பேரிங்குகள் இரண்டை எங்கள் ஆலையிலேயே ஒப்படைக்க வேண்டும். துண்டறிக்கையிலிருந்து கிரீஸ் பற்றிய வாசகத்தை நீக்கி, ஷாஃப்ட் இறுக்கம், பளு, வெப்ப வரம்பு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வற்புறுத்துவது, இனி எந்த வாடிக்கையாளருக்கும் முழு செராமிக் பேரிங் விற்கும் முன், அது எந்த ஷாஃப்டில், எந்த இறுக்கத்தில், எவ்வளவு சூட்டில் உட்காரப் போகிறது என்று கேட்டு எழுதி வாங்கும் வழக்கத்தைத் தங்கள் கிளை கடைப்பிடிக்க வேண்டும் என்பதே. வாலாஜாபேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ள ஆலைகள் பல டிரைவ் பொருத்தி வருகின்றன. இதே சிக்கலுடன் அவர்கள் தங்கள் கிளைக்கு வருவார்கள்.

வெடித்த வளையம், அதன் குண்டுகள், கழற்றி வைத்த இரண்டாவது பேரிங், துரு ஏறிய கலப்பு பேரிங், ஷாஃப்டின் மைக்ரோமீட்டர் அளவுக் குறிப்பு ஆகியவற்றைப் பராமரிப்புப் பிரிவு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். பரிந்துரை செய்தவரைத் தவிர்த்து வேறொரு பொறியாளரை அனுப்பி, அவற்றை நேரில் பார்த்து, எங்கள் ஃபிட்டர்களின் முன்னிலையில் அறிக்கை எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அந்த மோட்டார் மீண்டும் சாதாரண ஸ்டீல் பேரிங்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஓடுபாதையில் வரி விழுவதற்குள் தங்கள் பதில் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்,
ராணிப்பேட்டை.