குடும்பங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் உதவி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வறுமைக்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும் என்று வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளோடு கென்யாவுக்குக் கிளம்புகிற குடும்பங்களை நீங்கள் அனுப்பி வைக்கிறீர்கள். அவர்களின் துணிச்சலை மதிக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், அவர்களைத் தயார் செய்யாமல் விமானம் ஏற்றாதீர்கள்.

போய் இறங்கியதும் எழுகிற கேள்வி, எதைச் சும்மா கொடுப்பது, எதை விற்பது என்பதுதான். நல்ல மனசு மட்டும் இதற்கு விடை சொல்லாது. மலேரியாவைத் தடுக்கும் கொசுவலையை எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கினால்தான் அருமை தெரியும் என்று பலர் நம்பினார்கள். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரு பொருளியலாளர்கள் மேற்குக் கென்யாவில், கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். சும்மா கொடுத்ததோடு ஒப்பிட்டால், அரை டாலருக்குக் கொஞ்சம் மேலே விலை வைத்ததுமே வலை வாங்குவோர் அளவு 60 சதவீதப் புள்ளி சரிந்தது. காசு கொடுத்தவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் சான்று இல்லை. உயிர் காக்கிற பொருளை ஏழைத் தாயிடம் விலை பேசக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாசன பம்பு அப்படியில்லை. பொறியாளர் மார்ட்டின் ஃபிஷர் 1985-ல் சில மாதங்கள் இருக்கலாம் என்று கென்யா போனவர், அப்படியே பல ஆண்டுகள் தங்கிவிட்டார். அவரும் நிக் மூனும் 1991-ல் தொடங்கிய அமைப்புதான் இன்றைய கிக்ஸ்டார்ட். காலால் மிதிக்கும் பம்பை அவர்கள் தானமாகத் தரவில்லை, கடைகள் வழியாக விற்றார்கள். மழையில்லாத மாதங்களில் காய்கறி போட்டு, விலை ஏறியிருக்கும்போது சந்தைக்குக் கொண்டுபோகிற விவசாயிக்குப் போட்ட பணம் திரும்பி வரும். கடைக்காரருக்கும் லாபம் இருப்பதால் நாளைக்கு வாஷர் தேய்ந்தாலும் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும்.

அப்படி ஓர் இடம் இல்லாமல் போனதுதான் பிளேபம்பு என்ற குடிநீர் பம்பின் சோகம். குழந்தைகள் ராட்டினம் சுற்ற, நிலத்தடி நீர் மேலே வரும் என்றார்கள். 2006-ல் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் நிதி அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் பல ஊர்களில் நட்டார்கள். குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள் அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. பழுதானவை பல மாதங்கள் அப்படியே கிடந்தன. ஏற்கெனவே இருந்த கைபம்பையும் சில ஊர்களில் கழற்றிவிட்டிருந்தார்கள். அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே கேட்டிருக்கலாமே!

குடும்பமாகப் போவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பிள்ளைகள் தெருவில் விளையாடிச் சீக்கிரம் அங்குள்ள ஸ்வாஹிலி மொழியைப் பிடித்துக்கொள்வார்கள், அம்மா தினமும் ஒரே கடையில் காய் வாங்குவார், இவர்கள் அடுத்த மாதம் ஓடிவிட மாட்டார்கள் என்று அக்கம்பக்கம் நம்பத் தொடங்கும். அதற்குக் காலம் வேண்டும்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். முதல் ஓராண்டு எந்தத் திட்டத்தையும் தொடங்கச் சொல்லாதீர்கள். மொழி படிக்கட்டும், சந்தைக்குப் போகட்டும், விதையும் உரமும் என்ன விலை, கடன் யாரிடம் வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதட்டும். எதைக் கொடுத்தாலும் அதன் பழுதுபார்ப்புச் செலவையும் சேர்த்தே ஒதுக்குங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பத்தின் வைத்தியத்துக்கும் ஐந்தாண்டுப் பணத்தை இப்போதே எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் வேலையை அக்கறையோடு கவனித்து வரும் ஒருவர்